மினி கூப்பர் எஸ் 1275: சூடானபிறகு ஐட்லிங் ஏறி இறங்குது. இரட்டை எஸ்யூ காபரேட்டரில எங்க இருந்து தொடங்கிறது?

வெள்ளவத்தை_மினி

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 1275 கூப்பர் எஸ். இரட்டை எஸ்யூ எச்எஸ்2 காபரேட்டர், லூகாஸ் டிஸ்ரிபியூட்டர், அதுக்குள்ள பொயின்ற் (மின்சாரத்தை வெட்டுற தொடுமுனை) தான். எக்ஸோஸ்ட் மட்டும் மாத்தி எல்சிபி (நடுக் குழாய் நீண்ட எக்ஸோஸ்ட் மனிபோல்ட்) போட்டிருக்கு. காலையில சோக்கை இழுத்தால் ஒரு அடியில ஸ்டார்ட் ஆகும். சூடானபிறகுதான் தொல்லை.

காலி வீதி நெரிசலில பம்பலப்பிட்டி தாண்டுறதுக்குள்ள ஐட்லிங் 700க்கும் 1500க்கும் நடுவில ஊஞ்சல் ஆடத் தொடங்கும். ரெண்டாவது கியரில 2500 அளவில அக்சிலேற்றரை மிதிச்சால் ஒரு கணம் செத்துப்போய், காபரேட்டருக்குள்ளால "டப்" எண்டு துப்பிப்போட்டுத்தான் இழுக்கும். நிப்பாட்டிப் பத்து நிமிஷம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணினால் நெடுக அடிக்கவேணும், பெற்றோல் மணமும் வரும்.

பிளக் கழட்டிப் பார்த்தது: 1உம் 2உம் கறுப்புக் கரி, 3உம் 4உம் வெள்ளை.

கராஜில சொல்லுறது, ரெண்டு காபரேட்டரும் தேய்ஞ்சு முடிஞ்சுது, கழட்டி எறிஞ்சுபோட்டு வெபர் 45 காபரேட்டர் ஒண்டு போடுங்கோ எண்டு. அதுக்கு முதல் என்னென்ன பார்க்கவேணும்?

எஸ்யூ_ஐயா

தம்பி, பிளக் நிறத்தை எழுதினது நல்லது. பாதிப் பதில் அதுக்குள்ளயே இருக்கு.

ஏ சீரிஸ் (மினியின்ர எஞ்சின் வகை) ஹெட்டில இன்லெட் துவாரம் ரெண்டுதான். ரேடியேற்றர் பக்கத்துக் காபரேட்டர் 1, 2 சிலிண்டருக்கு. கிளச் பக்கத்துக் காபரேட்டர் 3, 4 சிலிண்டருக்கு. உங்கட பிளக் சோடி சோடியாப் பிரிஞ்சு நிக்குது. கொயில், கண்டென்சர், ரோட்டர், பெற்றோல் பம்ப் இதெல்லாம் நாலு சிலிண்டருக்கும் பொது. அதில பிழை எண்டால் நாலும் ஒரே மாதிரிக் கெடும். சோடியாப் பிரிஞ்சால் காபரேட்டர், அல்லது மனிபோல்டின்ர அந்தந்தப் பக்கம். ஒரு பக்கம் றிச் (பெற்றோல் கூட), மற்றப் பக்கம் லீன் (பெற்றோல் குறைவு).

அதுக்காக இப்பவே காபரேட்டரைத் தொடவேண்டாம். இக்னிஷனும் வால்வும் சரி எண்டு எழுத்தில வைச்சுக்கொண்டுதான் எஸ்யூவுக்குப் போகவேணும். இல்லாட்டி ஒண்டைத் திருத்த மற்றது குழம்பும். குளிர் எஞ்சினில வால்வ் இடைவெளி 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. பொயின்ற் 0.35 முதல் 0.40 மி.மீ, டுவெல் (பொயின்ற் மூடியிருக்கிற கோணம்) மீற்றர் இருந்தால் 60 பாகையை ஒட்டி இருக்கவேணும். பிளக் இடைவெளி 0.025 அங்குலம். பிறகு கொம்பிரஷன்: நாலு பிளக்கும் கழட்டி, திறொட்டில் முழுக்கத் திறந்துவைச்சு எடுங்கோ. எண் எவ்வளவு எண்டதைவிட நாலுக்கும் இடையில 10 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக்கூடாது எண்டதுதான் முக்கியம்.

கொட்டாஞ்சேனை_ரியூன்

ஐயா சொன்னதோட ஒண்டு. கூப்பர் எஸ்ஸில வந்தது 23டி4 டிஸ்ரிபியூட்டர், அதுக்கு வக்கும் அட்வான்ஸ் (எஞ்சின் உறிஞ்சலால ரைமிங்கை முந்தவைக்கிறது) இல்லை. உங்கட வண்டியில வக்கும் குழாய் ஒண்டு காபரேட்டரில இருந்து போகுது எண்டால் டிஸ்ரிபியூட்டர் சாதாரண மினியின்ர 25டி4. அதின்ர டயபிறம் கிழிஞ்சிருந்தால் அதுவும் காற்று ஒழுக்கு. முதல் அதைப் பாருங்கோ.

சூட்டில மட்டும் மிஸ் ஆகிற வண்டிக்கு ரைமிங் லைட்டைக் கொயில் வயரில கொழுவி ஐட்லிங்கில விடுங்கோ. வெளிச்சம் விட்டுவிட்டு வந்தால் கண்டென்சர் அல்லது ரோட்டர். இப்ப கிடைக்கிற மலிவுக் கண்டென்சர் புதுசிலயே சூட்டுக்குச் சாகுது. வெளிச்சம் ஒழுங்கா வந்துகொண்டிருக்க எஞ்சின் ஆடினால், பிறகு காற்றும் பெற்றோலும்தான்.

வெபர்_விசிறி

எதுக்கு இந்தப் பாடு? எச்எஸ்2 ஒண்டே கால் அங்குலத் துளை. 1275க்கு அது மூச்சுமுட்டல். வெபர் 45 டிசிஓஇ ஒண்டைப் போட்டால் ரெண்டைச் சமன்படுத்திற தலையிடியே இல்லை.

எஸ்யூ_ஐயா

வெபரைப் பற்றிப் பிறகு கதைப்பம். ஒழுக்குள்ள மனிபோல்டில எந்தக் காபரேட்டரைப் பூட்டினாலும் ஒழுக்கு ஒழுக்குத்தான்.

வெள்ளவத்தை_மினி

எல்லாம் பார்த்தாச்சு. வால்வ் எட்டும் 0.30. டுவெல் 58. டிஸ்ரிபியூட்டர் 23டி4 தான், வக்கும் குழாய் இல்லை. ரைமிங் லைட் சூட்டிலயும் விடாமல் வெட்டுது. கொம்பிரஷன் 1இல இருந்து 4 வரை: 175, 172, 170, 174 பிஎஸ்ஐ.

கொட்டாஞ்சேனை_ரியூன்

எஞ்சின் நல்லா இருக்கு. இனிக் காற்று ஒழுக்கு.

எல்லாரும் காப் கிளீனர் ஸ்பிரே அடிச்சுப் பார்க்கச் சொல்லுவினம். மினியில காபரேட்டர் எஞ்சினுக்குப் பின்னால, எக்ஸோஸ்டுக்கு நேர மேல இருக்கு. எல்சிபி சிவந்து நிக்கேக்க அந்த ஸ்பிரே அடிக்கிறது நெருப்பு வைக்கிறதுக்குச் சமன். பூச்செடிக்குத் தண்ணி அடிக்கிற சின்னப் போத்தல் போதும். ஐட்லிங்கில விட்டு, ஒவ்வொரு மூட்டிலயும் தண்ணியைத் தூவுங்கோ. தண்ணி ஓட்டையை ஒரு கணம் அடைக்கும், எஞ்சின் சத்தம் மாறும்.

தூவவேண்டிய இடங்கள்: திறொட்டில் ஸ்பிண்டிலின்ர (திறொட்டில் தட்டு சுழலுற தண்டு) ரெண்டு முனையும், ரெண்டு காபரேட்டரிலயும். காபரேட்டருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில இருக்கிற கறுப்புத் தடுப்புக் கட்டை, அதின்ர ரெண்டு பக்கக் காஸ்கட். மனிபோல்ட் ஹெட்டோட சேருற இடம். எல்சிபி போட்டவைக்கு இதில ஒரு கண் வேணும்: எல்சிபியின்ர விளிம்பும் இன்லெட் மனிபோல்டின்ர விளிம்பும் ஒரே தடிப்பு இல்லாட்டி, ரெண்டையும் சேர்த்து அமத்துற பெரிய வொஷர் ஒரு பக்கத்தைத்தான் பிடிக்கும், மற்றது சும்மா நிக்கும்.

பிறகு பிறேக் சேர்வோ ஹோஸ். அதை இடுக்கியால நெரிச்சுப் பிடியுங்கோ, ஐட்லிங் மாறினால் ஹோஸ் அல்லது சேர்வோ. மனிபோல்டில உருண்டையா ஸ்மித்ஸ் பிறீதர் வால்வ் (எஞ்சின் உள்ளாவியைத் திரும்ப உறிஞ்சவிடுறது) இருந்தால் அதையும் அதே மாதிரி. அதுக்குள்ள இருக்கிற றப்பர் டயபிறம் கிழிஞ்சால் ஐட்லிங் தானா ஏறும், எத்தனை பேர் அதைக் காபரேட்டர் எண்டு நினைச்சுக் கழட்டியிருக்கினம்.

வெள்ளவத்தை_மினி

சேர்வோ நெரிச்சேன், மாற்றம் இல்லை. ஸ்மித்ஸ் வால்வும் அப்படித்தான். மனிபோல்டும் கட்டையும் சரி. வலது (3, 4) காபரேட்டரின்ர ஸ்பிண்டிலில தண்ணி பட்ட உடன சத்தம் மாறுது, வெளி முனையில அதிகம். கையால மேலும் கீழும் அசைச்சால் அது தட்டுறது விரலுக்குத் தெரியுது. இடது பக்க ஸ்பிண்டில் இறுக்கம்.

எஸ்யூ_ஐயா

லீன் பக்கத்தின்ர காரணம் அகப்பட்டுது. அந்த ஓட்டையால போற காற்றுக்கு பெற்றோலை அளக்கிற ஊசியும், அது இறங்கிற துளையான ஜெட்டும் கணக்குக் கேட்கிறதில்லை. திறொட்டில் மூடியிருக்கேக்க உறிஞ்சல் கூட, அதால ஐட்லிங்கில ஆட்டம் கூட. முழுக்கத் திறந்தால் உறிஞ்சல் இறங்கும், ஒழுக்கும் தெரியாது. "ஓட்டத்தில நல்லா இழுக்குது, நிண்டால்தான் சரியில்லை" எண்டு சொல்லுறவையின்ர வண்டியில முதல் பார்க்கவேண்டிய இடம் இது.

சிகிச்சை: ஸ்பிண்டில்தான் முதல் தேயும், உடல் பிந்தித்தான். புது ஸ்பிண்டிலைப் பழைய உடலில விட்டுப் பாருங்கோ. ஆட்டம் போனால் சரி. போகாட்டி உடலை றீம் பண்ணி (துளையைப் பெருப்பிச்சு)ப் பித்தளைப் புஷ் போடவேணும். நல்ல லேத் வேலைக்காரன் செய்வார், ஆனா ரெண்டு முனைப் புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில இருக்கவேணும், இல்லாட்டி திறொட்டில் இறுகும். திறொட்டில் தட்டைக் கழட்டேக்க எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் உள்ள எண்டு குறிச்சுவையுங்கோ. விளிம்பு சாய்வா வெட்டியிருக்கும், திருப்பிப் போட்டால் மூடாது. அதைப் பிடிக்கிற ரெண்டு சின்ன ஸ்குரூவும் பிளந்த வால் உள்ளது. புதுசாப் போட்டு, தட்டு நடுவில மூடுதா எண்டு பார்த்தபிறகு வாலை விரியுங்கோ. விரிக்காமல் விட்டால் ஒருநாள் அது கழண்டு நேர சிலிண்டருக்குள்ள போகும்.

இனி றிச் பக்கம். இடது காபரேட்டரில மூண்டு விஷயம் பாருங்கோ.

முதலாவது பிஸ்டன், ஊசியைத் தாங்கிக்கொண்டு டோமுக்குள்ள (மேல் மூடி) ஏறி இறங்குறது. காற்று வடியைக் கழட்டிப்போட்டு, டாம்பரையும் (டோம் உச்சியில திருகியிருக்கிற எண்ணெய்த் தடுப்பு) எடுத்துப்போட்டு, பிஸ்டனை விரலால மேல தூக்கி விடுங்கோ. வழுக்கி வந்து "டிக்" எண்டு உலோகச் சத்தத்தோட பாலத்தில (ஜெட் இருக்கிற மேடை) உட்காரவேணும். சத்தம் இல்லாமல் மெதுவா நிண்டால் ஊசி ஜெட்டில உரசுது, அல்லது பிஸ்டன் அழுக்கு. ஜெட்டைச் சோக்கால கீழ இறக்கிப்போட்டுத் திரும்பச் செய்யுங்கோ. கீழ இறக்கினபிறகு மட்டும் டிக் எண்டு வந்தால் ஜெட் நடுவில இல்லை. ஜெட் பிடிக்கிற பெரிய நட்டைத் தளர்த்தி, பிஸ்டனை மேலால மெல்ல அமத்திப் பிடிச்சுக்கொண்டு இறுக்கினால் ஊசியே ஜெட்டை நடுவுக்குக் கொண்டுவரும்.

ரெண்டாவது புளோட், கிண்ணத்தில பெற்றோல் மட்டத்தைக் காக்கிற மிதவை. மூடியைக் கவிழ்த்துப் பிடிச்சு, புளோட் தன்ர பாரத்தில நீடில் வால்வை அமத்திக்கொண்டிருக்கேக்க, 1/8 முதல் 3/16 அங்குலக் கம்பி நெம்புக்கும் மூடிக்கும் நடுவில போகவேணும். புளோட்டைக் காதுக்குக் கிட்டக் குலுக்குங்கோ. உள்ள தளும்பினால் பெற்றோல் குடிச்சிட்டுது, மாத்தவேணும். 2022 பெற்றோல் தட்டுப்பாட்டில கியூஆரும் கோட்டாவும் எண்டு வண்டி மாசக்கணக்கா நிண்டதெல்லாம் கிண்ணத்தில பெற்றோல் வத்திப் பிசினாகி, நீடில் வால்வில ஒட்டிக்கிடக்கும். அதுக்குப் பிறகு ஆரும் திறந்து பார்க்காட்டி இப்பவும் அங்கதான் இருக்கும்.

மூண்டாவது, ஜெட் மேல திரும்பி வருதா. சோக்கை முழுக்கத் தள்ளினபிறகு, காபரேட்டருக்குக் கீழ கையை விட்டு ஜெட்டின்ர அடியை மேல தள்ளிப் பாருங்கோ. துளிகூட அசையக்கூடாது.

தெமட்டகொடை_பிரியன்

ஐயா, டாஷ்பொட்டுக்கு (டாம்பர் நிக்கிற எண்ணெய்க் குழி) என்ன எண்ணெய் விடுற? ஒருத்தர் ஏடிஎஃப் (ஓட்டோ கியர் எண்ணெய்) எண்டு சொல்றார், ஒருத்தர் 3 இன் 1 எண்டு சொல்றார். என்ட மினிக்கு 20டபிள்யூ-50 விட்டிருக்கு.

எஸ்யூ_ஐயா

புத்தகத்தில எஸ்ஏஈ 20. கொழும்புச் சூட்டுக்கு 20டபிள்யூ-50 பிழையில்லை, எஞ்சினுக்கு விடுறதையே விடலாம். ஏடிஎஃபும் 3 இன் 1 மாதிரித் தையல் மெஷின் எண்ணெயும் மெல்லிசு.

எஸ்யூவில அக்சிலேற்றர் பம்ப் இல்லை. டாம்பர்தான் அந்த வேலையைச் செய்யுது: நீங்கள் மிதிச்ச கணம் பிஸ்டனை உடன ஏறவிடாமல் பிடிக்கும், ஜெட்டுக்கு மேல உறிஞ்சல் கூடும், ஒரு கணம் றிச்சாகும். எண்ணெய் மெல்லிசு அல்லது இல்லை எண்டால் பிஸ்டன் பாய்ஞ்சு ஏறும், கலவை லீனாகும், "டப்" எண்டு துப்பும். மேல கேட்ட தம்பியின்ர 2500 துப்பலுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம். அளவு பார்க்கிறது லேசு: டாம்பரைக் கழட்டி மெல்ல இறக்குங்கோ. மூடி இன்னும் கால் அங்குலம் மேல நிக்கேக்க கைக்குத் தடுப்புத் தெரியவேணும். தெரியாட்டி எண்ணெய் காணாது.

கொட்டாஞ்சேனை_ரியூன்

டோமையும் பிஸ்டனையும் கழுவப்போற ஆக்களுக்கு: பெற்றோலும் துணியும் மட்டும். எமரி, பிராசோ ரெண்டும் வேண்டாம். டோமும் பிஸ்டனும் கம்பனியில ஒண்டுக்கொண்டு பொருத்தின சோடி, இடதையும் வலதையும் மாத்திப் போடக்கூடாது. கழுவினபிறகு பிஸ்டனின்ர அடித் துளை ரெண்டையும் அடைச்சு, டாம்பரோட தலைகீழாப் பிடிச்சு டோமை விழவிடுங்கோ. எச்எஸ்2க்கு 3 முதல் 5 செக்கன். அதைவிடக் கெதியா விழுந்தால் தேய்வு, பிந்தினால் அழுக்கு. ரெண்டு காபரேட்டரும் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுக்கவேணும்.

ஸ்பிறிங்கின்ர நிறத்தையும் பாருங்கோ. 1275 எஸ்ஸுக்குச் சிவப்பு, 4½ அவுன்ஸ். நீலம் 2½ அவுன்ஸ். பஞ்சிகாவத்தை பழைய சாமான் கடையளில எச்எஸ்2 எண்டு தாறது எம்ஜி மிட்ஜெட்டில இருந்து கழட்டினதாவும் இருக்கும். உடல் ஒண்டுதான், ஆனா ஊசியும் ஸ்பிறிங்கும் வேற. ஊசியின்ர தண்டில எழுத்து வெட்டியிருக்கும். எஸ்ஸுக்கு எம், றிச் எண்டால் ஏஎச்2, லீன் எண்டால் ஈபி. ரெண்டு பக்கமும் ஒரே எழுத்தா எண்டு வெளிச்சத்தில பிடிச்சு வாசியுங்கோ.

வெள்ளவத்தை_மினி

திறந்து பார்த்தது:

ரெண்டு ஊசியும் எம். ரெண்டு ஸ்பிறிங்கும் சிவப்பு. ஊசித் தோள் ரெண்டும் பிஸ்டன் அடிக்குச் சமமா இருக்கு. டிக் சத்தம் ரெண்டிலயும் வருது. வலது டாஷ்பொட் கிட்டத்தட்டக் காய்ஞ்சு கிடந்துது. புளோட் சரி.

இடது ஜெட்தான். சோக்கைத் தள்ளினபிறகும் ஒரு மி.மீ.க்கு மேல கீழ தொங்குது. எஞ்சின் ஓடேக்க விரலால மேல தள்ளினேன், உடன ஐட்லிங் சீராகிச் சத்தமே மாறிப்போச்சு. விட்டால் திரும்பக் கீழ. இன்னொண்டு விளங்கேல்ல: இடது ஜெட் நட்டு மேல முட்டினதில இருந்து 8 முகம் (அறுகோண நட்டின்ர பக்கம்) கீழ. வலது 17 முகம் கீழ.

எஸ்யூ_ஐயா

இப்ப முழுக் கதையும் வெளிச்சுப்போச்சு.

ஒரு முழுச் சுற்று ஆறு முகம். எச்எஸ்2க்குத் தொடக்க அளவு ஜெட்டைப் பாலத்துக்குச் சமமாக் கொண்டுவந்து ரெண்டு சுற்று, அதாவது 12 முகம் கீழ. ஆரோ ஒருத்தர் இடது பக்கம் றிச் எண்டு கண்டு நட்டை மேல மேலத் திருகியிருக்கிறார். ஆனா ஜெட் நட்டில உட்காராமல் தொங்கினால் நட்டைத் திருகி என்ன பயன்? வலது பக்கம் ஸ்பிண்டில் ஒழுக்கால லீன் எண்டு கண்டு கீழ கீழ இறக்கியிருக்கிறார். அதுவும் காணாது, ஏனெண்டால் ஒழுக்கு ஐட்லிங்கில ஒரு அளவு, ஓட்டத்தில வேற அளவு. நட்டால ஒரு இடத்தில சரிப்படுத்தினால் மற்ற இடத்தில பிழைக்கும்.

இதில புகைப் பரிசோதனை மெஷினும் உதவாது. குழாயில காட்டுற கார்பன் மொனொக்சைட் (சிஓ) ரெண்டு காபரேட்டரின்ர சராசரி. ஒரு பக்கம் 6, மற்றப் பக்கம் 1 எண்டாலும் கடதாசியில மூண்டரை எண்டு அழகா வரும். எச்சி (எரியாத பெற்றோல்) அளவையும் சேர்த்துப் பாருங்கோ. சிஓ நல்லா இருந்து எச்சி மட்டும் கூட எண்டால் எங்கயோ ஒரு சிலிண்டர் மிஸ் ஆகுது. லீன் சிலிண்டரும் அப்படித்தான் காட்டும்.

ஜெட் தொங்கிறதுக்கு மூண்டு காரணம். சோக் கேபிள் இழுபட்டு நிக்கிறது: தள்ளின நிலையில கேபிளில ஒரு 1.5 மி.மீ தளர்வு இருக்கவேணும். ஜெட் தண்டில பிசின்: சோக்கை முழுக்க இழுத்து, வெளிய தெரியிற பளபளப்பான பகுதியைப் பெற்றோல் துணியால துடைச்சு, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு விட்டு மேல கீழ ஆட்டுங்கோ. மூண்டாவது, புளோட்டில இருந்து வாற நைலோன் குழாய் முறுக்கி நிண்டு ஜெட்டைப் பக்கவாட்டில இழுக்கிறது. பழைய நைலோன் எஞ்சின் சூட்டில கம்பி மாதிரி விறைக்கும், அதுக்கு ஜெட்டைக் குழாயோட மாத்திறதுதான் வழி. இடது ஜெட், வலது ஜெட் வேற வேற பார்ட் நம்பர், குழாய் நீளமும் வேற. வாங்கேக்க பக்கம் சொல்லி வாங்குங்கோ.

வெபர்_விசிறி

சரி, எல்லாம் திருத்தலாம். ஆனா ரெண்டு காபரேட்டர், ரெண்டு ஸ்பிண்டில், ரெண்டு ஜெட். வெபரில ஒண்டு போட்டால் முடிஞ்சுது எண்டுதான் நான் சொன்னது.

கொட்டாஞ்சேனை_ரியூன்

முடியாது தம்பி, அங்கதான் தொடங்கும். மினியில 45 டிசிஓஇ பின்னால நீண்டு நடு ஸ்பீடோமீற்றர் குழிக்குள்ள இடிக்கும். தகடு வெட்டவேணும். அசல் எஸ் ஒண்டின்ர தகட்டை வெட்டினால் அதின்ர பெறுமதி என்னாகும் எண்டு யோசியுங்கோ.

வெட்டினாலும் வெபர் தானா அளவெடுக்காது. எஸ்யூவில காற்று கூடக்கூடப் பிஸ்டன் ஏறி, ஊசியின்ர மெலிஞ்ச பகுதி வந்து, பெற்றோலும் கூடும். வெபரில வென்சூரி (காற்று போற ஒடுங்கின குழல்), மெயின் ஜெட், எயர் கரெக்டர், எமல்ஷன் குழாய், ஐட்லிங் ஜெட், பம்ப் ஜெட் எல்லாம் தனித்தனி. தொடக்கக் கணக்கு வென்சூரி மி.மீ.யை நாலால பெருக்கினால் மெயின் ஜெட், 34 எண்டால் 135 அளவில. அதோட 50 கூட்டினால் எயர் கரெக்டர். அது தொடக்கம் மட்டும்தான். பிறகு ஜெட் பெட்டியும் வைட்பாண்ட் மீற்றரும் (புகையில இருந்து கலவையை அளக்கிறது) பொறுமையும் வேணும். ரேஸுக்கு எண்டால் நான் வெபர்தான் போடுவன். வெள்ளவத்தையில இருந்து கோட்டைக்கு ஓடுறதுக்கு இல்லை.

ஹட்டன்_மேடு

அண்ணே, இடையில ஒரு கேள்வி. கொழும்புல டியூன் பண்ணின எஸ்யூ நுவரெலியா ஏறினா கரும்புகை தள்ளுது. ஊசிய மாத்தணுங்களா?

எஸ்யூ_ஐயா

மாத்தவேண்டாம். நுவரெலியா 1868 மீற்றர். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதால எந்தக் காபரேட்டரும் றிச்சாகும். சில நாள் தங்கப்போறீங்கள் எண்டால் ரெண்டு ஜெட் நட்டையும் ஒண்டு அல்லது ரெண்டு முகம் மேல திருகிவிடுங்கோ, ரெண்டுக்கும் ஒரே அளவு. இறங்கேக்க கட்டாயம் பழைய இடத்துக்குக் கொண்டுவாங்கோ. மறந்து சமதரையில லீனா ஓடினால் வால்வுக்குக் கேடு. கரும்புகை எஞ்சினை உடனே கொல்லாது, லீன் கொல்லும்.

வெள்ளவத்தை_மினி

வலது பக்கம் புது ஸ்பிண்டில் போட்டதும் ஆட்டம் போயிட்டுது, புஷ் தேவைப்படேல்ல. இடது ஜெட் குழாயோட புதுசு. ரெண்டு டாஷ்பொட்டும் 20டபிள்யூ-50. ரெண்டு நட்டும் 12 முகத்தில வைச்சிருக்கிறன். இனிச் சமன்படுத்திற ஒழுங்கு சொல்லுங்கோ.

எஸ்யூ_ஐயா

எஞ்சினை நல்லாச் சூடாக்குங்கோ, குறைஞ்சது பதினைஞ்சு நிமிஷம் ஓட்டம். ஐட்லிங்கில விட்டுச் சூடாக்கினால் பிளக் அழுக்காகும்.

திறொட்டிலை இணைக்கிற தண்டின்ர கிளாம்ப் போல்ட் ரெண்டையும் தளர்த்துங்கோ. சோக் இணைப்பையும் அப்படியே. இப்ப ரெண்டு காபரேட்டரும் தனித்தனி. ரெண்டு ஐட்லிங் ஸ்குரூவையும் திறொட்டில் முழுக்க மூடுமட்டும் பின்னுக்கு எடுத்து, தொட்ட இடத்தில இருந்து ஒரு சுற்று உள்ள விடுங்கோ. ஸ்டார்ட் பண்ணி, அரை மீற்றர் றப்பர் குழாயின்ர ஒரு முனையைக் காதில வைச்சு மற்ற முனையைக் காபரேட்டர் வாயில ஒரே இடத்தில பிடியுங்கோ. இரைச்சல் ரெண்டிலயும் ஒரே மாதிரி வரும் வரைக்கும் ஸ்குரூவைத் திருகுங்கோ. காற்று மீற்றர் இருந்தால் நல்லது, குழாயும் மோசமில்லை. வேகம் 850 அளவில நிக்கட்டும்.

பிறகு கலவை. காபரேட்டரின்ர அடியில பிஸ்டனைத் தூக்கிற சின்னப் பின் இருக்கு. அதை மேல அமத்தினால் முதல் சும்மா அசையும், பிறகு பிஸ்டனில முட்டும். முட்டினதில இருந்து 1/32 அங்குலம், ஒரு மி.மீ.க்கும் குறைவு, தூக்குங்கோ. வேகம் ஏறி ஏறினபடியே நிண்டால் றிச், அந்த நட்டு மேல. உடன செத்துப்போனால் லீன், நட்டு கீழ. துளி ஏறித் திரும்பப் பழைய இடத்துக்கு வந்தால் சரி. ஒவ்வொரு முகமாத் திருகுங்கோ, திருகினபிறகு ஒருக்கால் எஞ்சினை 2000க்கு ஏத்தி விட்டுப்போட்டுப் பாருங்கோ. மனிபோல்டில சமநிலைக் குழாய் இருக்கிறபடியால் ஒண்டைத் திருகினால் மற்றதும் கொஞ்சம் மாறும். ரெண்டு பக்கமும் மாறி மாறிப் போகவேணும்.

கலவை சரியானதும் காற்றைத் திரும்பச் சமன்படுத்திப் பிறகு கிளாம்பை இறுக்குங்கோ. இறுக்கேக்க ரெண்டு காபரேட்டரின்ர திறொட்டில் இணைப்பு முள்ளுக்கும் கவைக்கும் நடுவில 0.012 அங்குல இடைவெளி ஒரே அளவா இருக்கவேணும். இது வித்தியாசப்பட்டால் ஐட்லிங்கில சமனா நிண்டதெல்லாம் மிதிச்ச கணமே போகும், ஒண்டு முந்தித் திறக்கும், மற்றது பிந்தும். 1500இல பிடிச்சு வைச்சுத் திரும்பக் குழாயால கேளுங்கோ. கனபேர் இதை விட்டுப்போட்டு ஊசியைக் குறை சொல்லுவினம்.

தெமட்டகொடை_பிரியன்

சூட்டில ஸ்டார்ட் ஆகாத விஷயத்த ஆரும் சொல்லல்லயே?

கொட்டாஞ்சேனை_ரியூன்

ஜெட் தொங்கினதால அதில பாதி போயிருக்கும். மற்றப் பாதி எல்சிபி சூடு. நிப்பாட்டினதும் விசிறிக் காற்று நிக்கும், எக்ஸோஸ்ட் சூடு முழுக்க மேல புளோட் கிண்ணத்துக்கு ஏறும், பெற்றோல் கொதிச்சு வழியும். கம்பனி வெப்பத் தகடு எல்சிபியோட கன இடத்தில கழண்டுபோயிருக்கும், திரும்பப் போடுங்கோ. காபரேட்டருக்கும் மனிபோல்டுக்கும் நடுவில இருக்கிற தடுப்புக் கட்டை அலுமினியம் இல்லாமல் பேக்கலைற்றா இருக்கவேணும். சூட்டில ஸ்டார்ட் பண்ணேக்க சோக்கைத் தொடாமல் அக்சிலேற்றரைப் பாதிக்கு மேல மிதிச்சபடியே அடியுங்கோ, தேங்கின ஆவி போகும்.

முக்கியமா, புளோட் மூடியில இருந்து வாற வழிவுக் குழாய் எக்ஸோஸ்டுக்குத் தூரமாக் கீழ வரைக்கும் இறங்குதா எண்டு பாருங்கோ. அது பாதியில உடைஞ்சு நிண்டால் வழியிற பெற்றோல் சூடான எல்சிபியில விழும்.

எஸ்யூ மின் பம்ப்பையும் ஒருக்கால் பாருங்கோ. எஞ்சின் நிண்டபடி சாவியைப் போட்டால் சில "டக் டக்" அடிச்சு நிக்கவேணும். விடாமல் அடிச்சால் நீடில் வால்வ் மூடேல்ல அல்லது எங்கயோ காற்று உறிஞ்சுது. ஹோஸைக் கழட்டிப் போத்தலுக்குள்ள விட்டால் ஒரு நிமிஷத்தில அரை லீற்றர் வரவேணும்.

வெள்ளவத்தை_மினி

வெப்பத் தகடு இல்லைத்தான், ஒண்டு செய்யக் குடுத்திருக்கு. வழிவுக் குழாய் ரெண்டும் மாத்தியாச்சு. பம்ப் நாலு தரம் அடிச்சு நிக்குது. ஐட்லிங் 850இல ஆடாமல் நிக்குது, துப்பல் இல்லை. இடது நட்டு 12, வலது 13 முகத்தில வந்து நிண்டுது. பிளக் நாலும் கபில நிறத்துக்கு வருது, 1உம் 4உம் கொஞ்சம் வித்தியாசம்.

ஒண்டுதான் மிச்சம்: வேகத்தில இருந்து காலை எடுத்தால் சைலன்சரில "பட பட" எண்டு வெடிக்குது.

எஸ்யூ_ஐயா

ஒரே துவாரத்தை ரெண்டு சிலிண்டர் பங்கு போடுறதால உள்ளுக்கும் வெளிக்கும் பிளக் நிறத்தில சின்ன வித்தியாசம் இருக்கத்தான் செய்யும், அதைத் துரத்தவேண்டாம்.

வெடிச் சத்தத்துக்குக் காபரேட்டரைத் திரும்பத் தொடாதேங்கோ. எல்சிபி குழாய் கீழ சேருற மூட்டில கையை ஒரு சாண் தள்ளிப் பிடிச்சு, குளிர் எஞ்சினில ஸ்டார்ட் பண்ணின உடன பாருங்கோ, காற்று அடிச்சால் அந்த மூட்டு ஒழுகுது. வெளிக்காற்று உள்ள போய் எரியாத பெற்றோலோட சேர்ந்து வெடிக்குது. மூட்டைக் கழட்டி, எக்ஸோஸ்ட் பேஸ்ட் பூசி, புதுக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கோ. தகடு வந்து பூட்டினபிறகு 500 கிலோமீற்றர் ஓடி, மனிபோல்ட் நட்டு எல்லாத்தையும் குளிர் எஞ்சினில ஒருக்கால் திரும்ப இறுக்கவேணும். புதுக் காஸ்கட் அமந்து தளரும்.